நாற்பத்து மூன்று படிவங்களின் கைரேகை

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் இருக்கும். கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், கைபேசி அடித்தது. புஷ்பராணியின் கணவர் சிவலிங்கம். அவர் எனக்கு அழைப்பதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மனைவியிடம்தான் சொல்லி அனுப்புவார்.

“மொதலாளி, புஷ்பம் விடிய போயிருச்சுங்க. நெஞ்சு வலிக்குதுன்னு நேத்து பொழுது சாய ரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்” என்றார்.

நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. “இன்னைக்கு வர்றேன்னு சொன்னாங்களே” என்றேன். வேலைக்கு வராததற்குக் காரணம் கேட்பவனைப் போல. சிவலிங்கம் கோபிக்கவில்லை. “ஆமாங்க, எங்கிட்டயும் அப்படித்தான் சொல்லிச்சு” என்றார். ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு, அதன் முன்னால் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கஹவத்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்து இதை வாசிக்கும் பலருக்கு புஷ்பராணியைத் தெரியும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி என்று ஏதாவது ஒரு காரியத்துக்காக அவருடைய மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பஜாரில் நான் நடத்தும் ஃபோட்டோ கொப்பிக் கடையில், கதவோரம் ஒரு மேசை போட்டு, ஒரு கணினி வைத்துக்கொண்டு, ஒன்பது வருடங்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவர். கொழும்பில் ஒரு கார்மென்ட் அலுவலகத்தில் சில வருடங்கள் கணினியில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் முடித்து ஊர் திரும்பியவர். சாகும்போது நாற்பத்தைந்து வயது. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பஜார்க்காரர்கள். தாத்தா காலத்தில் வியாபாரத்துக்கு வந்த குடும்பம். தோட்டத்து ஆட்களை வாடிக்கையாளர்களாகப் பார்த்துப் பழகியவர்களே தவிர, பக்கத்தில் உட்காருபவர்களாக அல்ல. புஷ்பராணிக்கு மேசை போட இடம் கொடுத்ததும் பெருந்தன்மையால் அல்ல. அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு அலுவலகச் சிங்களம் தடுக்கும். முதல் நாளே அவர் என்னை எடை போட்டுவிட்டார். அன்றிலிருந்து “மொதலாளி” என்றுதான் கூப்பிட்டார். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று ஒருமுறை கெஞ்சினேன். “மொதலாளின்னு கூப்பிட்டாத்தான் நீங்க நிமிந்து பாக்குறீங்க” என்றார். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எல்லாம் ஒரு பழைய படிவத்தில் தொடங்கியது. காளியம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், எங்கள் கடையில் வாங்கி நிரப்பிய படிவத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். படிவம் மாறிவிட்டது, புதியதைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன கிழமைதான் இணையத்தளத்தில் புதியதைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பழையதை அச்சடித்து அடுக்கி வைத்திருந்தோம். “ரெண்டு நாள் பேரு போச்சும்மா” என்றார் அந்தப் பெண். வேலைக்குப் போகாத நாளுக்குத் தோட்டத்தில் பேர் விழாது. நான், “அவங்க சொல்லாம மாத்துனா நாங்க என்ன செய்ய முடியும்?” என்றேன். புஷ்பராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். “நாம பாத்திருக்கலாம் மொதலாளி” என்றார்.

மறுநாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் அதிகம் அச்சடித்தவை நாற்பத்து மூன்று படிவங்கள். காலையில் வந்ததும் ஒவ்வொன்றையும் இணையத்தளத்தில் திறந்து, எங்கள் கணினியில் இருப்பதோடு வரிவரியாக ஒப்பிடுவார். பத்து நாளில் கண் சிவந்துவிட்டது. பிறகு திகதியை மட்டும் பார்த்தார். அங்கே யாரோ அதே ஃபைலை அப்படியே மறுபடி ஏற்றினால்கூடத் திகதி மாறியது. ஃபைலின் அளவைப் பார்த்தார். அதுவும் ஒருநாள் ஏமாற்றிவிட்டது. முடிவுத் திகதியில் ஒரே ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். பெயரும் அதே, அளவும் அதே.

அதற்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து ஏதேதோ வீடியோக்களைப் பார்த்து, திங்கட்கிழமை ஒரு ஸ்கிரிப்டோடு வந்தார். கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல் என்று எனக்கு விளக்கினார். “ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை இருக்கு மொதலாளி. உள்ளுக்கு ஒரு புள்ளி மாறினாலும் ரேகை வேறயா வரும். அங்க இருக்குறத இறக்கி அதோட ரேகைய எடுக்கும், நம்மகிட்ட இருக்குறதோட ரேகையையும் எடுக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணும் மாறல. வேறயா இருந்தா மாறிருச்சு. அவ்வளவுதான்.” திரையில் அந்த ரேகையைக் காட்டினார். எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான ஒரு வரி. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “பேர நம்பாதீங்க, ரேகையப் பாருங்க” என்றார். அது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சாகிவிட்டது. ஆட்களைப் பற்றியும் அப்படியே சொல்வார்.

நான் எட்டேகாலுக்குக் கடை திறந்து கணினியைப் போடுவேன். அவர் பஸ் பிடித்து வர ஒன்பதாகும். அதனால் கணினியைப் போட்டதும் ஸ்கிரிப்ட் தானாக ஓடி, திரையில் ஒரு சின்னப் பெட்டியில் எனக்குச் சேதி சொல்லும்படி வைத்தார். எல்லாம் ஒத்துப்போனால், “ஒண்ணும் மாறல மொதலாளி. டீ குடிங்க.” மாறியிருந்தால், “மாறிருச்சு மொதலாளி. பழசக் கிழிங்க.” கீழே அந்தப் படிவத்தின் பெயர் இருக்கும். கணினிகூட என்னை மொதலாளி என்று கிண்டல் செய்ய ஆரம்பித்தது அப்போதுதான்.

ஒரு கிழமை, ஏழு நாளும், டீ குடித்தேன். அதற்கடுத்த நாள் பெட்டிக்கு மேல் பெட்டியாக வந்தது. மாறிருச்சு, பழசக் கிழிங்க. மாறிருச்சு, பழசக் கிழிங்க. நாற்பத்து மூன்று தடவை! அரசாங்கமே மாறிவிட்டதோ என்று நினைத்தேன். சொன்ன சொல் தட்டாதவன் நான். அடுக்கி வைத்திருந்த படிவங்களை எல்லாம் எடுத்துக் கிழித்துத் தள்ளினேன். ஒன்பது மணிக்கு அவர் வந்தபோது முழங்கால் அளவு காகிதத்துக்குள் நின்றிருந்தேன். கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே கதவு நிலையில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். இணையத்தளம் அன்று வேலை செய்யவில்லை. ஒவ்வொரு படிவத்துக்கும் பதிலாக, ‘பின்னர் முயலவும்’ என்ற ஒரே பக்கத்தை அது அனுப்பியிருக்கிறது. “பாருங்க, நாப்பத்து மூணுக்கும் ஒரே ரேகை. நாப்பத்து மூணு பேருக்கு ஒரே கைரேகை இருக்குமா மொதலாளி?” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சிரித்து முடித்ததும் ஸ்கிரிப்டைத் திருத்தினார். எங்கள் இணைப்பு மழை நாளில் பாதியில் அறுந்துபோகும். பாதி இறங்கிய ஃபைலுக்கும் ரேகை வேறாகத்தான் இருக்கும். அதனால் வித்தியாசம் தெரிந்தால் மறுபடி ஒருமுறை இறக்க வேண்டும். இரண்டு தடவையும் ஒரே ரேகை வந்தால்தான் நம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ரேகை வந்தால் நம்பவே கூடாது. “யாரு எத சொன்னாலும் ரெண்டு தடவ கேட்டுட்டு நம்புங்க” என்றார். எனக்கான சேதியையும் மாற்றினார். இனி, “மாறிருச்சு மொதலாளி. கிழிக்காதீங்க. என்னையக் கூப்பிடுங்க.” அப்படி வரும் நாட்களில் நான் கூப்பிடுவேன். பஸ் இரைச்சலுக்கு நடுவில், “பழச ஒதுக்கி வைங்க, வந்து பாக்குறேன்” என்பார்.

இப்போது அவர் செய்த தவறையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

படிவங்களில் முகவரி என்ற இடத்தில் வீட்டு இலக்கம், வீதி என்று கேட்பார்கள். லயத்துக்கு ஏது வீதி? அந்தக் கட்டத்துக்கு வந்ததும் எங்கள் ஆட்களின் பேனா நின்றுவிடும். சிலர் வெறுமையாக விடுவார்கள், சிலர் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதுவார்கள். பதில் கடிதம் எங்கேயோ போய்ச் சேரும். புஷ்பராணி ஒன்பது படிவங்களில் அந்தக் கட்டத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், ‘தோட்டம், பிரிவு, லயம், காம்பரா இலக்கம்’ என்று ஒரு வரியைத் தானே சேர்த்துவிட்டார். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறை. அலுவலகத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு சிங்கள உத்தியோகத்தர் அதைப் பார்த்துவிட்டு “ஹொந்தய், ஹொந்தய்” என்று பாராட்டினாராம். அந்த மெச்சுதலை அவர் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் எங்கள் படிவத்தில் ஒரு வரி கூடிவிட்டதால், அந்த ஒன்பதின் ரேகையும் அங்கே இருப்பதோடு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. தினமும் காலையில் ஒன்பது பெட்டிகள் வந்தன. தினமும் நான் கூப்பிட்டேன். “அது நம்ம சேத்த வரி மொதலாளி, விடுங்க” என்றார். பிறகு நான் கூப்பிடுவதையும் விட்டேன், பார்ப்பதையும் விட்டேன். ஒன்பது தடவை தட்டி மூடிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

அந்த ஒன்பதில் ஒன்று, தாதியர் பயிற்சிக்கான விண்ணப்பம். ஒருநாள் எதிர்க்கடைக்காரரின் மகளுக்காக அதை அவருடைய கைபேசியிலிருந்தே அச்சடித்துக் கொடுத்தேன். எங்களுடையது நான்கு பக்கம். கையில் வந்தது ஐந்து. புதிதாக ஒரு உறுதிமொழிப் பக்கம் சேர்த்து எட்டு நாளாகியிருந்தது. ஒப்படைக்க நான்கு நாள்தான் பாக்கி. புஷ்பராணியிடம் நீட்டினேன். அவர் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அடுக்கில் குறைந்ததை எண்ணிப் பார்த்தோம்; எட்டு நாளில் நாங்கள் கொடுத்தவை ஆறு. யார் யாருக்கு என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. ஆறு பெண் பிள்ளைகள், கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் தட்டுத் தடுமாறிப் படித்து வந்தவர்கள், எங்கள் படிவத்தாலேயே தள்ளுபடியாகப் போகிறார்கள்.

நான் கடையைப் பூட்டினேன். ஒரு த்ரீவீல் பிடித்து இருவரும் தோட்டம் தோட்டமாகப் போனோம். ஐந்து பேரின் முகம் அவருக்கு நினைவிருந்தது. அன்றும் மறுநாள் காலையிலுமாக ஐவரையும் கண்டுபிடித்தோம். ஆறாவது பெண் யாரென்றே தெரியவில்லை. சிவப்புக் குடை வைத்திருந்தாள் என்பது மட்டும்தான் ஞாபகம். அப்போது புஷ்பராணி ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு தோட்டத்திலும் கோயிலுக்குப் போய், பூசாரியிடம் கேட்டு, லவுட்ஸ்பீக்கரில் பேசினார். “கஹவத்தை டவுன்ல கொப்பிக் கடையில நர்ஸ் ஃபோர்ம் எடுத்த புள்ள யாரும் இருந்தா கோயிலுக்கு வாங்க. நாங்க குடுத்தது பழசு. தப்பு எங்களோடது. புதுசு கையில வச்சிருக்கோம்.” தவறு தன்னுடையது என்று மலை முழுக்கக் கேட்கும்படி ஒருவர் சொல்வதை நான் அன்றுதான் கேட்டேன். எனக்கு உடம்பு கூசியது. அவருக்குக் கூசவில்லை. நான்காவது தோட்டத்தில், படிகளில் ஒரு பெண் தலையில் எண்ணெய் வடிய ஓடிவந்தாள். அவள்தான் சுகந்தினி. கோயில் படியிலேயே உட்கார்ந்து எழுதி முடித்தோம். ஆறும் பதிவுத் தபாலில் உரிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

திரும்பி வரும் வழியில் த்ரீவீலில் அவர் சொன்னார்: “நாம கை வச்சதோட ஒப்பிட்டுப் பாத்தா எப்பவும் வித்தியாசந்தான் காட்டும். அப்புறம் நெசமா மாறினாலும் கண்ணுக்குத் தெரியாது.” மறுநாள் கணினியில் ஒரு புதிய கோப்புறை முளைத்தது. பெயர், ‘தொடாதே’. இணையத்தளத்திலிருந்து வந்தது வந்தபடியே அதற்குள் இருக்கும். ரேகை ஒப்பிடுவது அதோடு மட்டும். நாங்கள் வரி சேர்ப்பதெல்லாம் வேறு பிரதியில். ஒன்பது பொய்ப் பெட்டிகளும் நின்றன. கூடவே குறித்து வைக்க ஒரு நோட்டுக் கொப்பியும் வந்தது: எந்தப் படிவம், யார் எடுத்தது, தொலைபேசி இலக்கம். அவர் இல்லாத நேரத்தில் நான் எழுத மறந்தால், “யாருக்குக் குடுத்தீங்கன்னு தெரியாட்டி, மாறினது தெரிஞ்சு என்ன பிரயோசனம்?” என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

அவருடைய மரண வீட்டுக்கு சுகந்தினி வந்திருந்தாள். இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். “நான் அந்தக் கெழம பெரியம்மா வீட்டுக்குப் போக இருந்தேன் சார். ஸ்பீக்கர்ல அக்கா சத்தம் கேக்கலன்னா அந்தப் பழைய ஃபோர்மையே தபால்ல போட்டுட்டுப் போயிருப்பேன்” என்றாள். காளியம்மாவும் வந்திருந்தார். அலுவலகத்திலிருந்து அந்த “ஹொந்தய்” உத்தியோகத்தரும் வெள்ளைச் சட்டையில் வந்து ஓர் ஓரமாக நின்றார். லயத்து வாசலில் நிற்க இடமில்லை. பஜாரிலிருந்து நான் ஒருவன்தான் வந்திருப்பேன் என்று நினைத்துப் போனேன். பாதி பஜார் அங்கே இருந்தது.

மூன்றாம் நாள் கடையைத் திறந்தேன். பழக்கத்தில் அவருடைய கணினியையும் போட்டுவிட்டேன். பெட்டி வந்தது.

“ஒண்ணும் மாறல மொதலாளி. டீ குடிங்க.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எல்லாம் மாறிக் கிடக்கிறது, இது ஒண்ணும் மாறவில்லை என்கிறது! கணினியை அணைத்தேன். அழுதேன். அழுவதற்கு நடுவில் ஒருவர் ஃபோட்டோ கொப்பி எடுக்க வந்தார், எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தினமும் கணினியைப் போட்டேன். அந்த வரியைப் பார்ப்பதற்காகத்தான் போட்டேன், படிவத்துக்காக அல்ல. அது சொன்னபடி டீயும் குடித்தேன். அவருடைய மேசைக்கு வருபவர்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் தட்டித் தடவி நிரப்பிக் கொடுத்தேன். கொப்பியிலும் மறக்காமல் எழுதினேன். மேசையை எடுத்துவிடுவதா, வைப்பதா என்று மட்டும் முடிவெடுக்க முடியவில்லை. அவர் இல்லாமல் இது எத்தனை நாளைக்கு ஓடும்?

பதினோராவது நாள் காலை வேறு பெட்டி வந்தது.

“மாறிருச்சு மொதலாளி. கிழிக்காதீங்க. என்னையக் கூப்பிடுங்க.”

யோசிக்கவில்லை. கை தானாகக் கைபேசிக்குப் போனது. அவருடைய இலக்கத்தை அழுத்திக் காதில் வைத்த பிறகுதான் உறைத்தது. வைத்துவிடுவதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். சிவலிங்கம்.

“சொல்லுங்க மொதலாளி.”

“ஒண்ணுமில்ல சிவலிங்கம். தெரியாம... ஃபோர்ம் ஒண்ணு மாறிருச்சு. அதான் கூப்பிட்டுட்டேன்.”

அவர் குரல் நிதானமாக வந்தது. “அப்ப பழச யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்களே. அந்தக் கொப்பியப் பாத்தீங்களா?”

ரப்பர் பால் வெட்டும் மனிதர். கணினி முன்னால் ஒருநாளும் உட்காராதவர். ஒன்பது வருடம் ராச்சோற்றுக்கு நடுவில் மனைவி சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறார். கொப்பியை எடுத்தேன். முந்தின நாள் சாயந்தரம் என் கையெழுத்தில் ஒரு பெயர் இருந்தது: தெய்வானை, மேல் பிரிவு. கூப்பிட்டேன். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். “அம்மா, அந்த ஃபோர்ம் பழசுங்க. தப்பு எங்களோடது. நேரா ஆபீஸுக்குப் போகாம கடைக்கு வாங்க, புதுசு எழுதி வைக்கிறேன்” என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் வந்தார். பதினைந்து நிமிடத்தில் புதியதை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனார். அன்றே வேலை முடிந்ததாம். பொழுதுபட எனக்குச் சொல்லிவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போனார்.

மேசை அங்கேயே இருக்கிறது; இருக்கும். புஷ்பராணி எழுதிய ஸ்கிரிப்டை ஒரு பிரதி எடுத்து ‘தொடாதே’க்குள் வைத்திருக்கிறேன். ஓடுகிற பிரதியில் ‘என்னையக் கூப்பிடுங்க’ என்ற வரியைத் திருத்தித் தரவா என்று தெரிந்த ஒருவர் கேட்டார், வேண்டாம் என்றேன். என்னைக் கூப்பிடுங்கள் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லும் நாளிலெல்லாம் நான் கொப்பியைத் திறந்து, அதிலிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறேன்.